லெனாட் வுல்ஃப்: போகம்பரையின் தூக்குமேடையும் தோளில் இருந்த சின்னக் குரங்கும்

கண்டி வாவியிலிருந்து சில நிமிட நடையில் போகம்பர பழைய சிறைச்சாலையின் உயர்ந்த மதில் வந்துவிடும். 2014இல் அந்தச் சிறை மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இரவிரவாகப் பஸ்ஸில் வந்து, சாப்பாட்டுப் பொதியோடு அந்த மதிலோரம் காத்து நின்ற தாய்மார் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அதே சிறைக்குள் 1907இலும் 1908இலும் சில காலை வேளைகளில் இருபத்தாறு, இருபத்தேழு வயதுடைய ஓர் ஆங்கிலேயர் போய்வந்தார். தூக்குத் தண்டனை முறைப்படி நிறைவேறுகிறதா என்று அரசாங்கத்தின் சார்பில் நின்று பார்ப்பது அவருடைய உத்தியோகக் கடமைகளில் ஒன்று. கண்டிக் கச்சேரியில், மத்திய மாகாண அரசாங்க அதிபருக்குக் கீழ், அலுவலக உதவியாளர் என்ற பதவி அவருக்கு. பெயர் லெனாட் வுல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்ஃப்பின் கணவர் என்று உலகம் அவரை அறிந்தது. 'காட்டில் ஒரு கிராமம்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாவலால் இலங்கை அவரை நினைவில் வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர் வீட்டில் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பிராணிகளைப் பற்றியது. ஆனால் போகம்பரையைத் தொடாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

வுல்ஃப் 1880 நவம்பர் 25இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினொரு வயதில் தகப்பனை இழந்தார். கேம்பிரிஜில் படித்து, சிவில் சேவைப் பரீட்சை எழுதி, 1904 டிசெம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவர் கொண்டுவந்தவற்றில் இரண்டு விடயங்களை அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வார்கள். ஒன்று வோல்தேயரின் நூல்கள், தொண்ணூறு தொகுதிகள். மற்றது சார்ள்ஸ் என்ற நாய். தான் வந்த கப்பலில் நாயை ஏற்றமாட்டார்கள் என்பதால் அதை வேறொரு கப்பலில் தனியாக வரவழைத்திருந்தார்.

முதல் நியமனம் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு. 1905 ஜனவரியில் அநுராதபுரம் வரை ரயிலில் வந்தார். அதற்கப்பால் பாதை இன்னும் முடிந்திருக்கவில்லை. மாட்டு வண்டியில் வன்னிக் காடு தாண்டி ஆனையிறவு, அங்கிருந்து மறுபடி ரயில். யாழ்ப்பாணத்தில் கோட்டைக் கொத்தளத்தின் மேலிருந்த பங்களாவில் இன்னொரு இளம் அதிகாரியோடு குடியிருந்தார். அந்தக் கோட்டை பிறகு எத்தனை முற்றுகைகளைக் கண்டது என்று நமக்குத் தெரியும். அப்போது அது வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் மாலையில் காற்று வாங்கும் இடம்.

யாழ்ப்பாணத்தில் வுல்ஃப் விரும்பப்பட்டார் என்று எழுதினால் அது பொய். கறாரானவர், யாரையும் மதிக்காத இளைஞர் என்றுதான் பெயரெடுத்தார். பிரதான வீதியில் குதிரையில் போனபோது தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று அவர்மேல் முறைப்பாடு எழுந்தது. தான் அடிக்கவில்லை, குதிரையைத் திருப்பியபோது நேர்ந்த குழப்பம் என்று அவர் கடைசிவரை சொன்னார். ஆனால் முதுமையில் எழுதிய சுயசரிதையில் அந்தச் சம்பவத்துக்குத் திரும்பி வந்து, சவுக்கு படவில்லை என்றாலும் அந்த மனிதர் உணர்ந்தது சரிதான் என்ற இடத்துக்குப் போகிறார். அந்த ஊரின் தெருவில், அந்த மக்கள் நடுவே, குதிரையின் மேல் தான் அப்படி உட்கார்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று அவருக்குப் பட்டது. இப்படி ஒப்புக்கொண்ட காலனித்துவ அதிகாரிகள் அதிகம் இல்லை. ஒப்புக்கொள்ள அவருக்கு அரை நூற்றாண்டு பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1907 ஓகஸ்டில் கண்டிக்கு மாற்றலானார். வேறொரு உலகம். தேயிலைத் தோட்டத் துரைமார், பழைய கண்டியப் பிரபுக் குடும்பங்கள், குளிர். கண்டியச் சட்டப்படி நடந்த திருமணங்களின் விவாகரத்து விசாரணைகள் கச்சேரிக்கு வந்தன. கணவனும் மனைவியும் மேசைக்கு முன் நின்று சொல்லும் கதைகளை நாள்முழுதும் கேட்டார். மூன்றாம் நெப்போலியனின் விதவையான முன்னாள் மகாராணி யூஜெனி கண்டிக்கு வந்தபோது, தலதா மாளிகையில் புனித தந்தத்தைக் காட்ட ஏற்பாடு செய்தவர் இவர்தான். மேலிடத்தில் அவருடைய மதிப்பு உயர்ந்தது. சில மாதங்களில், இருபத்தேழு வயதில், ஒரு மாவட்டத்தையே கையில் கொடுத்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவேதான் போகம்பர. கேம்பிரிஜ் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய கடிதங்களில் அங்கு கண்டதை அவர் மறைக்கவில்லை. எல்லாத் தூக்குகளும் ஒழுங்காக முடியவில்லை. கணக்குப் பிசகிய கயிறு ஒரு மனித உடலை என்ன செய்யும் என்று அவர் பார்த்தார். கடிதத்தின் தொனி இறுக்கமானது, ஏறத்தாழ ஏளனமானது. உள்ளே நடுங்குகிற ஒருவர் வெளியே வரவழைத்துக்கொள்ளும் தொனி என்றுதான் எனக்குப் படுகிறது. மரணதண்டனை எந்தக் குற்றத்தையும் தடுப்பதில்லை, அதை நிறைவேற்றுகிறவர்களையும் கீழிறக்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆனாலும் அடுத்த உத்தரவு வந்தபோது போய் நின்றார். அதுதான் உத்தியோகம்.

அடுத்த மூன்று ஆண்டுகள் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். அங்கே 1909, 1910 காலத்தில் கால்நடைகளுக்குக் கொள்ளைநோய் பரவியது. நோயுற்ற மாடுகளையும் எருமைகளையும், கட்டாமல் திரியவிட்ட மாடுகளையும் சுடவேண்டும் என்பது விதி. தானே துப்பாக்கியோடு போய்ச் சுட்டார். வயலை உழவும் பாரம் இழுக்கவும் இருந்த ஒரே சொத்து தன் கண்முன் விழுவதைப் பார்த்த கிராமத்தவர்கள் அவரை வெறுத்தார்கள். அது நியாயம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

அதே மனிதரின் வீட்டில், இலங்கையில் இருந்த அந்த ஆண்டுகளில், நாய்களோடு மான்குட்டி, சிறுத்தைக்குட்டி, குரங்கு என்று பிராணிகள் வளர்ந்தன. பிராணிகளோடு பழகுவதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அதைக் கொஞ்சிக் குலாவும் பொம்மையாகவும் நினைக்கக் கூடாது, வேலைக்காரனாகவும் நினைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு குணம், ஒரு பயம், ஒரு பிடிவாதம் உண்டு. அதைப் புரிந்துகொண்டு காத்திருந்தால் அது உன்னை நம்பும். தமிழரோடும் சிங்களவரோடும் அந்த வயதில் அவருக்கு இந்தப் பொறுமை இருக்கவில்லை என்பது வேடிக்கை அல்ல, வேதனை.

1911 மே மாதம் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு பதவியைத் துறந்து வேர்ஜீனியாவைத் திருமணம் செய்தார். 1913இல் அவருடைய இலங்கை நாவல் வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பின்னாளில் அதை 'பெத்தேகம' என்று சிங்களப் படமாக்கினார். அதில் வெள்ளைக்கார நீதவானாக நடித்தவர் விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க். 1915இல் கண்டியில் தொடங்கி நாடெங்கும் பரவிய சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடக்க, பிரிட்டிஷார் இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறைவைத்தார்கள், பலரைச் சுட்டார்கள். இங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காக வாதாடினார். லண்டனுக்கு விசாரணை கேட்டுப் போன ஈ. டபிள்யூ. பெரேராவுக்கும் டி. பி. ஜயதிலகவுக்கும் தோள்கொடுத்தவர்களில் வுல்ஃப் ஒருவர்.

இனி அந்த வீட்டுக்கு வருவோம்.

1926இல் வேர்ஜீனியாவின் தோழி வீட்டா சாக்வில் வெஸ்ட் ஒரு ஸ்பானியல் நாய்க்குட்டியைப் பரிசாகக் கொடுத்தார். பெயர் பிங்கா. பெண் நாய். வேர்ஜீனியா ஒரு நாயின் வாழ்க்கை வரலாறாக எழுதிய 'ஃப்ளஷ்' நூலின் முதற்பதிப்பில் இருக்கும் படம் அதனுடையதுதான். ஆனால் நாய் லெனாட்டின் காலடியில்தான் கிடக்கும்.

1934இல் இன்னொரு உயிர் வந்து சேர்ந்தது. விக்டர் ரொத்சைல்ட் என்ற நண்பர் தன் மனைவிக்காக ஒரு பழைய சாமான் கடையில் கண்டு வாங்கிய தென்னமெரிக்கச் சின்னக் குரங்கு. மார்மொசெட் என்ற இனம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். யாரோ எங்கோ காட்டில் பிடித்து, எத்தனையோ கைமாறி, எலும்பு வளைந்து, நோயோடு கிடந்தது. ரொத்சைல்ட் தம்பதி வெளிநாடு போகும்போது பார்த்துக்கொள்ளும்படி லெனாட்டிடம் கொடுத்தார்கள். அவர்கள் திரும்பிவந்து பார்த்தபோது குரங்கு தேறியிருந்தது, ஆளைவிட்டுப் பிரிய மறுத்தது. லெனாட்டிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெயர் மிட்ஸ்.

பகல் முழுவதும் மிட்ஸ் லெனாட்டின் தோளிலோ, மேற்சட்டைக்குள்ளோ இருக்கும். அவர் எழுதும்போதும், அச்சகத்தில் வேலை செய்யும்போதும், விருந்தாளிகளோடு அரசியல் பேசும்போதும் அங்கேதான். இரவில் மட்டும் தன் கூண்டுக்குப் போகும். பொறாமை நிறைய. ஒருமுறை தோட்டத்து மரத்தில் ஏறிக்கொண்டு எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை. லெனாட் மரத்தடியில் வேர்ஜீனியாவை நிறுத்தி முத்தமிட்டார். அடுத்த கணம் கோபத்தோடு கீழே வந்துவிட்டது.

நாய் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனம். எலியளவு பெரிதான ஒன்று தரையில் ஓடினால் பாய்ந்து பிடிக்கவேண்டும் என்பது அதன் இரத்தத்தில் உள்ளது. குரங்குக்கோ நாயின் வாசனையே மரண பயம். ஆனால் குளிர்காலத்தில், கணப்பு அடுப்புக்கு முன்னால் நாய் சுருண்டு படுத்ததும், மிட்ஸ் எசமானை விட்டு இறங்கிப் போய் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். நாய் அசையாது. இது நட்பா, வெறும் சூடு தேடுவதா என்று கேட்கலாம். சூடு தேடித்தான் போயிருக்கும். முகாமில், தெரியாத குடும்பத்தோடு ஒரே தறப்பாளுக்குக் கீழ் மழைக்கு ஒதுங்கியவர்களுக்கு, நட்பு எங்கே தொடங்குகிறது என்று யாரும் விளக்க வேண்டாம்.

1935 மே மாதம் வுல்ஃப் தம்பதி காரில் ஐரோப்பா போனார்கள். பாதை ஹிட்லரின் ஜேர்மனி வழியாக. லெனாட் யூதர். எச்சரிக்கைகள் வந்தன. ஜேர்மன் தூதரகத்தில் ஒருவரிடம் பாதுகாப்புக் கடிதமும் வாங்கி வைத்திருந்தார். பொன் நகருக்கு அருகே ஒரு நாசித் தலைவரை வரவேற்க வீதியின் இருபுறமும் சீருடைக்காரரும் கொடிபிடித்த பள்ளிப் பிள்ளைகளும் நின்றார்கள். யூதர்களை இகழும் பதாகைகள் தலைக்குமேல் தொங்கின. அந்த நெரிசலுக்குள் திறந்த காரில் இவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். கூட்டம் லெனாட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த மிட்ஸைப் பார்த்தது. ஆரவாரம், சிரிப்பு, கையசைப்பு. நெடுந்தூரம் அப்படியே போனார்கள். பிறகும் எங்கு நிறுத்தினாலும் மிட்ஸைச் சுற்றிக் கூட்டம் கூடியது. இவ்வளவு அன்பான பிராணியை வைத்திருப்பவன் யூதனாக இருக்கவே முடியாது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும் என்று பின்னர் எழுதினார். பாதுகாப்புக் கடிதம் உறையை விட்டு வெளியே வரவில்லை.

குரங்குக்காகக் கரைந்த கூட்டமும் பதாகை பிடித்த கூட்டமும் ஒன்றுதான். ஊரடங்குக்குப் பிறகு தெருநாய்க்குச் சோறுவைக்கும் சிப்பாயைச் சோதனைச்சாவடியில் பார்த்திருக்கிறோம்.

அவர்கள் வீடு திரும்பியபோது பிங்கா இறந்துபோயிருந்தது. அதன்பின் சாலி என்ற இன்னொரு ஸ்பானியல் வந்தது. மிட்ஸ் 1938 டிசெம்பர்க் குளிர்வரை இருந்தது. வந்தபோது சாகக் கிடந்த ஓர் உயிருக்கு அது நான்கு ஆண்டுகளுக்கு மேல்.

அதே 1938இல் வுல்ஃப் தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவுக்காக இலங்கை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் குழுவின் செயலாளர் அவரே. சுயாட்சி கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதிகாரத்தைப் பெருமளவு பகிர்வதையோ, பல மொழிகள் பேசுவோர் ஒன்றாக வாழும் சுவிற்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறையையோ ஆராயும்படி அதில் கேட்டிருந்தார். சமஷ்டி என்றால் தமிழர் கண்டுபிடித்த சொல் என்று இன்று பேசுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று, அதற்கும் முன்பே, 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதைப் பேசினார். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவிடம் மூன்று அலகுகள் கொண்ட சமஷ்டி கேட்டது கண்டியத் தேசிய சபை. வுல்ஃப்பின் குறிப்பு கோப்புக்குள் போனது. சோல்பரி யாப்பு ஒற்றையாட்சியாக வந்தது.

1941இல் வேர்ஜீனியா ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். லெனாட் அதே ரொட்மெல் கிராமத்து வீட்டில், நாய்களோடும் பூனைகளோடும் இருந்தார். 1960இல், எழுபத்தொன்பது வயதில், இலங்கைக்கு ஒருமுறை வந்து தான் வேலை செய்த ஊர்களைப் பார்த்தார். சிங்களம் மட்டும் சட்டமும் 1958 கலவரமும் அதற்குள் முடிந்திருந்தன. அவரை எங்கும் அன்போடு வரவேற்றார்கள்.

கடைசியாக எழுதிய சுயசரிதைத் தொகுதியில் ஒரு சிறுவயது நிகழ்ச்சி வருகிறது. பிறந்து ஒருநாளான நாய்க்குட்டிகளைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொல்லும்படி அவரிடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது வழமையான வீட்டு வேலை. முதற்குட்டியை வாளித் தண்ணீருக்குள் போட்டார். கண்கூடத் திறக்காத அது கால்களை அடித்து அடித்து உயிருக்காகப் போராடியது. கையிலிருந்தது வெறும் பொருள் அல்ல, தன்னைப் போலவே தனக்கென்று ஒரு 'நான்' உள்ள ஒன்று என்று அந்தக் கணத்தில் சிறுவனுக்குத் தெரிந்தது. அந்தத் தொகுதி வெளிவந்தது 1969இல். அவ்வாண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதி, 88 வயதில், ரொட்மெல் வீட்டில் அவர் இறந்தார்.