நாற்காலியில் அமர்ந்தே நடக்கக் கற்றுத்தந்த டாக்டர் மேரி வர்கீஸ்

பெரம்பலூரைக் கடக்கும் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையும் அரியலூரின் சிமென்ட் லாரிகளும் நம் பகுதிக்குப் பிழைப்பு தருகின்றன. விபத்துகளையும் தருகின்றன. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்லாம் தக்தீர் என்று படுக்கையில் போட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பது அந்த வேதனையில் மறந்துபோகிறது. அத்தகைய வீடுகளுக்காகவே இந்தச் சகோதரியின் வாழ்வை எழுதுகிறோம்.

1925-ல் கொச்சியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் மேரி. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. 1954 ஜனவரியில், சக மருத்துவர்களுடன் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, கால்கள் செயலற்றுப்போயின. வயது 28.

அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். நம் பச்சைமலைக்கு மேற்கே, கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். கைக்கான அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைக் கற்றார், செய்தார். உணர்வற்ற கால்களோடு இருந்தவர், உணர்வற்ற கைகளைச் சீராக்கினார். நோயாளிகளுக்கு அந்தக் காட்சியே பாதி மருந்தாக இருந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிறர் துணையின்றி வாழப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் அத்துறையையே படித்தார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமையேற்றார். அறுவை மேசையில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் சீராக்க முடியும். மருத்துவர்களையும் சிகிச்சையாளர்களையும் உருவாக்கினால்? 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிறார்கள். படுக்கைப்புண் வராமல் உடலைத் திருப்பிவிடுவது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது என எல்லாவற்றையும் தாயோ மனைவியோ கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார். முதுகுத்தண்டு அடிபட்டவரின் உயிருக்குப் பெரும்பாலும் எமனாக வருவது அந்தப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். இரண்டையும் வீட்டிலேயே பெருமளவு தடுக்கலாம்.

1972-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986 டிசம்பரில் மறைந்தார். பாகாயம் நிலையத்தில் பயிற்சி இன்றும் நடக்கிறது.