வண்டு தேடிக் கப்பல் ஏறியவர்

பொறிவண்டைப் பார்த்திருக்கீங்களா? சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒரு மிளகு அளவுதான் இருக்கும். அதைத் தேடி ஒருவர் கடல் கடந்து போனார். அவர் பெயர் ஆல்பர்ட் கோபெலே.

கோபெலே 1853 ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். இளம் வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். பூச்சி என்றால் அவருக்கு உயிர். அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையில் சார்லஸ் ரைலி என்ற பூச்சி அறிஞர் இருந்தார். அவரிடம் கோபெலே வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் அழாத குறைதான். மரக்கிளை எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருந்தது. அது பஞ்சு இல்லை. செதில் பூச்சி! அந்த வெள்ளைப் பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பூச்சிகள் மரத்தின் சாற்றை உறிஞ்சின. இலைகள் உதிர்ந்தன. சோப்புக் கரைசல் அடித்தார்கள். மரத்தைக் கூடாரத்தால் மூடி நச்சுப் புகையும் போட்டார்கள். பூச்சி திரும்பத் திரும்ப வந்தது. சிலர் மனம் வெறுத்துப் போய், தாங்கள் வளர்த்த மரங்களையே வெட்டி எரித்தார்கள்.

இந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் அது பெரிய தொல்லையாக இல்லை. ஏன்? யோசிச்சுப் பாருங்க. அங்கே அதைத் தின்ன யாரோ இருக்க வேண்டும், இல்லையா? கலிபோர்னியாவுக்குப் பூச்சி மட்டும் வந்துவிட்டது. அதைத் தின்பவர் வரவில்லை!

அவரைத் தேடித்தான் கோபெலே புறப்பட்டார். அதிலும் ஒரு சிக்கல். அரசின் பூச்சி அறிஞர்கள் வெளிநாடு போக அப்போது பணம் தர மாட்டார்கள். அதனால் மெல்போர்னில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் போன குழுவில் அவரையும் சேர்த்து அனுப்பினார்கள். நல்ல தந்திரம்தான்!

1888 ஆகஸ்டில் கப்பல் ஏறினார். உண்மையில் அவர் தேடிப் போனது ஒரு சிறிய ஈயை. அதுவும் கிடைத்தது. ஆனால் அக்டோபர் மாதம் அடிலெய்டில் ஒரு தோட்டத்தில் வேறொன்றையும் பார்த்தார். ஒரு குட்டிப் பொறிவண்டு செதில் பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது.

வண்டுகளைப் பிடித்துப் பெட்டிகளில் வைத்தார். வழியில் தின்னச் செதில் பூச்சிகளையும் உள்ளே போட்டார். கடல் பயணம் பல வாரம். வெயிலில் செத்துவிடக் கூடாதே! அதனால் கப்பலில் ஐஸ் இருந்த அறையில் பெட்டிகளை வைத்தார்கள். முதலில் வந்த மூன்று தடவையும் சேர்த்து 129 வண்டுகள்தான் உயிரோடு வந்தன.

அவற்றை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் ஆரஞ்சு மரத்தில் விட்டு, மரத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டார்கள். வண்டுகள் தின்றன. முட்டை இட்டன. முட்டையிலிருந்து வந்த புழுக்களும் தின்றன. ஏப்ரல் மாதத்தில் அந்த மரம் சுத்தமாகிவிட்டது! கூடாரத்தைத் திறந்தார்கள். வண்டுகள் பக்கத்து மரங்களுக்குப் பறந்தன. தோட்டக்காரர்கள் வந்து வந்து வாங்கிப் போனார்கள். ஜூன் மாதத்துக்குள் 10,000 வண்டுகளுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. அடுத்த ஆண்டு செதில் பூச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தோட்டக்காரர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. கோபெலேக்குத் தங்கக் கடிகாரம் பரிசாகத் தந்தார்கள். அவர் மனைவிக்கு வைரத் தோடு! (வண்டுக்கு யாரும் ஒன்றும் தரவில்லை.)

பிறகு கோபெலே ஹவாய் தீவுகளுக்குப் போனார். அங்கேயும் பயிர்களைக் காக்கப் பல நாடுகளிலிருந்து நல்ல பூச்சிகளைக் கொண்டு வந்தார். கடைசிக் காலத்தில் ஜெர்மனிக்கே திரும்பினார். 1924 ஆம் ஆண்டு இறந்தார்.

சில ஆண்டுகளில் அதே செதில் பூச்சி நம்ம நீலகிரி மலைக்கும் வந்துவிட்டது. அங்கேயும் இந்த வண்டைத்தான் வரவழைத்து மரங்களில் விட்டார்கள்.