நாடு நகை அடகு வைத்த வருடம்



ஜூலை இதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். ஜூலை என்றதும் எனக்கு 1991ஆம் வருட ஜூலைதான் ஞாபகம் வந்தது. அப்போது நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் எழுத்தர். விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டி, சேலை முந்தானையில் நகையை முடிந்துகொண்டு நம் பக்கத்துப் பெண்கள் வருவார்கள். மதிப்பீட்டாளர் அதை உரசிப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அதே மாதம் நம் நாடும் நகையை அடகு வைத்தது. சுமார் 47 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடு வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் வாங்கியது. கையிலிருந்த அன்னியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர் நம் தமிழர் எஸ்.வெங்கிடரமணன். பிரதமர் பதவிக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தவர் பி.வி.நரசிம்ம ராவ். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பிறந்தது 1921 ஜூன் 28, இன்றைய தெலங்கானாவின் வாரங்கல் பக்கம் ஒரு கிராமத்தில். பல மொழிகள் அறிந்தவர். தெலுங்கின் பெரிய நாவலான வேயிபடகலுவை இந்தியில் மொழிபெயர்த்தவர். 1971இல் ஆந்திர முதல்வரானார். நில உச்சவரம்பில் தீவிரம் காட்டியதால் பெரும் நிலக்காரர்களின் பகையைச் சம்பாதித்தார். மாநிலத்தில் கிளர்ச்சியும் வெடிக்க, 1973 தொடக்கத்தில் பதவி போனது. பிறகு டெல்லியில் வெளியுறவு, உள்துறை, பாதுகாப்பு என்று பல இலாகாக்களைப் பார்த்தார்.

1991 தேர்தலில் அவர் போட்டியிடவே இல்லை. புத்தகங்களை மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தார். மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 21 அன்று ராவ் பிரதமரானார். சபையில் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை.

யோசித்துப் பாருங்கள். எழுபது வயது, கடன்பட்ட வீடு, சொந்த பலமும் இல்லை. அவர் செய்த முதல் நல்ல காரியம், அரசியல்வாதி அல்லாத மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கியது. ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று பட்ஜெட் வந்தது. அதே நாளில் புதிய தொழிற்கொள்கையும் வந்தது. 18 வகைத் தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. தொழில் இலாகா ராவ் கையில்தான் இருந்தது. ஆனாலும் அதைச் சபையில் வைத்தவர் இணை அமைச்சர். பேரும் புகழும் மன்மோகன் சிங்குக்குப் போயிற்று. வசவைத் தாங்கும் பொறுப்பு ராவுக்கு வந்தது.

அந்த வசவில் என் குரலும் உண்டு. சங்கக் கொடி பிடித்து, நாட்டை விற்கிறார்கள் என்று நானும் கோஷம் போட்டேன். இப்போது ஐந்தொகை போட்டுப் பார்க்கிறேன். அடகுக் கடன் சில மாதங்களில் அடைக்கப்பட்டது. 1996இல் அவர் பதவி இழந்தபோது செலாவணிக் கையிருப்பு 1,700 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. நம் குடியிருப்புப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பார்க்கும் வேலைகளில் பாதி அன்று திறந்த கதவு வழியாக வந்தவை. நான் கோஷம் போட்ட அதே ஆட்சியில்தான், 1995இல், வங்கி ஊழியர் ஓய்வூதிய விதிகள் வந்தன. மாதாமாதம் என் வீட்டுச் செலவு அதில்தான் நடக்கிறது.

பற்றுப் பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. என் கிளையில் எனக்குப் பிறகு பல வருடம் புதிய எழுத்தர் ஒருவர்கூட வரவில்லை. நிரந்தர வேலை என்பது குறைந்து ஒப்பந்த வேலை பெருகியது. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தடுக்கத் தவறிய பழி அவரை விட்டு நீங்கவே இல்லை. அதே டிசம்பரில்தான் 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. நம் கன்னிவாடிப் பேரூராட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு கிடைத்தது அந்தத் திருத்தத்தால்தான். எம்.பி.க்களுக்கு லஞ்சம் கொடுத்ததாக வந்த வழக்கில் 2000இல் தண்டனை பெற்றார். 2002இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

2004 டிசம்பர் 23 அன்று டெல்லியில் காலமானார். அவர் தலைமை வகித்த கட்சியின் அலுவலக வாசலில் உடல் காத்திருந்தது, உள்ளே கொண்டுசெல்லப்படவில்லை. ஐதராபாத்தில் எரியூட்டினார்கள். பாரத ரத்னா 2024இல்தான் வந்தது.

வீட்டு நகையை மீட்டுக் கொடுத்த பெரியவரை எந்தக் குடும்பமும் திண்ணையோடு திருப்பி அனுப்பாது. அவர் செய்த தவறுகளைப் பேசுங்கள், அது நம் உரிமை. மீட்டதையும் சேர்த்துப் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள். அன்று கோஷம் போட்டவன் என்ற முறையில் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.