கடலுக்குள் எடையிழந்த மனிதர்

கிட்டங்கிப் பாலத்தைக் கடந்தால் கல்முனை. கல்முனையின் பிரதான வீதியைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் கடல். நாவிதன்வெளியில் இருந்து கடல் அவ்வளவு பக்கம்தான். ஆனாலும் அந்தக் கடலுக்குள் தலையை அமிழ்த்திக் கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் பக்கம் குறைவு. கரைவலை இழுப்பவர்களுக்கு அது தொழில். மற்றவர்களுக்கு மாலையில் காற்று வாங்கும் இடம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பலருக்கு அது பயம்.

இந்த வருடம் என் நண்பர்கள் சிலர் நிலாவெளிக்குப் போய்ச் சுழியோடிப் பார்க்கலாம் என்று திட்டம் போடத் தொடங்கினார்கள். எந்த மாதம் போவது, எவ்வளவு ஆழம் இறங்கலாம், யாரை நம்பி இறங்குவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. ஏறக்குறைய இதே கேள்விகளோடு எழுபது வருடங்களுக்கு முன் இந்தத் தீவுக்கு வந்து, கடைசிவரை இங்கேயே தங்கிவிட்ட ஒருவர் இருக்கிறார். அவர் ஆர்தர் சி. கிளார்க்.

1917 டிசம்பர் 16இல் இங்கிலாந்தின் சமர்செட் பகுதியில், மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பாடசாலை முடிந்ததும் பல்கலைக்கழகம் போகப் பணம் இல்லை. லண்டனில் அரச கணக்காய்வு வேலை ஒன்றில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது பிரித்தானிய விமானப் படையில் ரேடார் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகள் மூலம் உலகம் முழுவதும் தொடர்பாடலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்று எங்கள் வீட்டுக் கூரைகளில் இருக்கும் டிஷ் அன்டெனாக்கள் பார்த்திருப்பது அந்தச் சுற்றுப்பாதையைத்தான். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் படித்து முதல் வகுப்பில் தேறினார்.

விண்வெளியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த மனிதர் கடலுக்குள் ஏன் இறங்கினார்? விண்ணுக்குப் போக அன்று வழி இல்லை. ஆனால் எடையற்று மிதக்கும் அனுபவத்தைத் தண்ணீர் தரும். சுழியோடி தன் இடுப்பில் கட்டும் ஈயத்தின் அளவைச் சரியாக வைத்தால், மேலே எழும்பாமலும் கீழே மூழ்காமலும் அந்தரத்தில் நிற்கலாம். விண்வெளி வீரர்கள் இன்றும் நீர்த்தொட்டிகளில்தான் பயிற்சி பெறுகிறார்கள். கிளார்க் அதை 1950களின் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். மைக் வில்சன் என்ற இளம் சுழியோடி அவருக்கு நண்பரானார்.

1954 இறுதியில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் சுழியோடும் திட்டத்துடன் கிளார்க் கப்பல் ஏறினார். வழியில் கப்பல் கொழும்பில் தரித்தது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய ரொட்னி ஜொங்க்ளாஸ் என்ற சுழியோடியை அங்கே சந்தித்தார். இலங்கைக் கடலைப் பற்றி ஜொங்க்ளாஸ் சொன்னவை மனதில் தங்கிவிட்டன. 1956இல் கிளார்க்கும் வில்சனும் இலங்கைக்கு வந்தார்கள். சில மாதப் பயணமாகத் தொடங்கியது, அரை நூற்றாண்டு வாழ்க்கையாக நீண்டது.

இங்கே சுழியோட வருபவர் முதலில் படிக்க வேண்டியது பருவக்காற்றை. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். வடகீழ் பருவக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். ஒரே தீவில் கடல் மாறி மாறித் திறப்பதால், வருடம் முழுவதும் எங்காவது ஒரு கரையில் இறங்கலாம்.

அந்த முதல் வருடத்திலேயே அவர்கள் திருகோணமலைக்கு வந்தார்கள். கோணேசர் ஆலயம் இருந்த சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் இறங்கினார்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. ஊர் மக்கள் பரம்பரையாகச் சொல்லி வந்ததைக் கண்ணால் கண்டு, கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலில் உலகத்துக்குச் சொன்னார்.

1961இல் வில்சன், கிரிந்தைக்கு அப்பால் உள்ள கிரேட் பாஸஸ் பாறைத்தொடரில் மூழ்கிய கப்பல் ஒன்றையும் வெள்ளி நாணயங்களையும் கண்டெடுத்தார். ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிடப்பட்ட ரூபாய்கள் அவை. ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பாறைத்தொடரில் கடல் அமைதியாக இருப்பது வருடத்தில் சில வாரங்கள்தான். அந்த நாட்களைக் கணக்கிட்டுத்தான் 1963இல் மீண்டும் போனார்கள்.

இடையில் 1962இல் கிளார்க்கைப் போலியோ தாக்கியது. கை கால்கள் செயலிழந்து, மூச்சு விடவே போராடினார். மெல்ல மெல்லத் தேறி மீண்டும் கடலுக்குப் போனார். பல வருடங்களின் பின் அந்த நோயின் விளைவுகள் திரும்பி வந்து, அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தின. நடக்கச் சிரமப்பட்ட காலத்திலும் சுழியோடுவதை அவர் விடவில்லை. தரையில் பாரமாகிப்போன உடல் தண்ணீருக்குள் பாரம் இழந்தது. இளமையில் விண்வெளிக் கனவுக்காகப் பழகிய அந்த எடையின்மை, முதுமையில் அவருக்கு நடமாட்டமாக இருந்தது.

எழுத்தும் நிற்கவில்லை. 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' அவரை உலகப் புகழ் பெற்றவராக்கியது. 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். ஆனால் அவர் நேசித்த கிழக்குக் கடல் 1983க்குப் பிறகு போரால் மூடப்பட்டது. தெற்கில் 1998இல் கடல் சூடேறியதால் ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் பெரும்பாலும் வெளிறி மடிந்தன.

பின்னர் சுனாமி வந்தது. இலங்கையில் மிக அதிக உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை முழுவதும் வீடுகள் இல்லாமல் போயின. அதே அலை ஹிக்கடுவையில் கிளார்க்கின் சுழியோடல் நிலையத்தையும் அழித்தது. அது பின்னர் மீளக் கட்டப்பட்டது. எங்கள் இழப்போடு அவருடையதை ஒப்பிட முடியாது. அவர் இழந்தது கட்டிடமும் கருவிகளும். ஆனாலும் கடலை நேசித்தவர்களையும் கடல் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை.

2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாளில், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும் என்பதைத் தன் ஆசைகளில் ஒன்றாகச் சொன்னார். 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானார். பொரளை கனத்தை மயானத்தில், அவர் விரும்பியபடி எந்த மதச் சடங்கும் இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த வருடம் மே மாதம் போர் முடிந்தது. அவர் இறங்கிய கிழக்குக் கடல் திறந்தபோது பார்க்க அவர் இல்லை.

இப்போது அந்தக் கடல் எங்களுக்குத் திறந்திருக்கிறது. கல்முனையில் இருந்து அதிகாலையில் புறப்பட்டால் காலையிலேயே நிலாவெளி போய்விடலாம். புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்கள் 2003 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. புதிதாகப் பயிற்சி பெறுபவருக்கு 18 மீற்றர்தான் எல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் போர்க்கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடப்பதால் அது அனுபவசாலிகளுக்கு மட்டும். சான்றிதழ் உள்ள பயிற்றுநரோடு இறங்குங்கள். முருகைக்கல்லை மிதிக்காதீர்கள், உடைத்து எடுக்காதீர்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் சுனாமியில் தன் சாச்சியை இழந்தவர். வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. வேனில் அவருக்கு ஓர் இருக்கையை விட்டு வைத்திருக்கிறோம். தண்ணீரில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை, கரையில் எங்களோடு இருந்தால் போதும்.