ரோஜா முள் காட்டிய உண்மை

காலில் முள் குத்திய இடம் மறுநாள் சிவந்து வீங்கும்; தொட்டால் சுடும், வலிக்கும். சில வேளைகளில் சீழும் பிடிக்கும். இதைத்தான் அழற்சி என்கிறோம். 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்களில் பலர் அழற்சியை உடலுக்கு நேர்ந்த ஒரு கேடாகவே கருதினார்கள். அது கிருமிகளுக்கு எதிராக உடல் நடத்தும் போர் என்று காட்டியவர் மருத்துவர் அல்லர். கடல் உயிரினங்களை ஆராய்ந்த ஒரு விலங்கியல் அறிஞர். அவர்தான் இலியா மெச்னிகோவ்.

இன்றைய உக்ரேனில் உள்ள கார்கிவ் பகுதியில் 1845-இல் பிறந்தவர் அவர். அப்போது அது ரஷ்யப் பேரரசின் பகுதி. நான்காண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் ஒடெஸ்ஸா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

படிப்பில் கிடைத்த வெற்றி வாழ்க்கையில் கிடைக்கவில்லை. முதல் மனைவி லுட்மிலா காசநோயாளி. திருமணத்தன்று அவரை நாற்காலியில் அமர்த்தியே தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 1873-இல் அவர் இறந்தார். துயரம் தாங்காமல் மெச்னிகோவ் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பிறகு ஓல்காவை மணந்தார். அவரையும் டைபாய்டு காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது. மீண்டும் மனமுடைந்த மெச்னிகோவ், 1881-இல் ஒரு காய்ச்சல் நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். ஓல்காவும் குணமடைந்தார்.

பல்கலைக்கழகத்தில் அரசியல் நெருக்கடி முற்றவே, 1882-இல் பதவி விலகி, குடும்பத்தோடு இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்றார். ஒரு நாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். மெச்னிகோவ் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, நட்சத்திர மீனின் இளம்புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடல் கண்ணாடிபோலத் தெளிவானது. உள்ளே நகரும் உயிரணுக்கள் நன்றாகத் தெரிந்தன. அவை உணவுத் துகள்களை விழுங்குவதை அவர் முன்பே அறிவார். அப்படியானால், உள்ளே நுழையும் எதிரியையும் அவை விழுங்குமா?

தோட்டத்திலிருந்து ரோஜா முட்களை எடுத்துவந்து இளம்புழுக்களின் உடலில் செருகினார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால், நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன!

இதில் ஒரு நுட்பம் உண்டு. அழற்சி என்பது இரத்தக் குழாய்களில் ஏற்படும் கோளாறு என்பது அன்றைய கருத்து. ஆனால், இந்த இளம்புழுவுக்கு இரத்தக் குழாயே கிடையாது. ஆகவே, உயிரணுக்கள் அங்கே கசிந்து வரவில்லை, தேடி வந்திருக்கின்றன. அவற்றுக்கு ‘ஃபேகோசைட்’ என்ற பெயர் வந்தது. தமிழில் விழுங்கணுக்கள் எனலாம்.

அடுத்து, தண்ணீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரைத் தாக்கும் பூஞ்சையை ஆராய்ந்தார். விழுங்கணுக்கள் பூஞ்சை வித்துகளை விழுங்கி அழித்தபோது தண்ணீர்த்தெள்ளு பிழைத்தது, தோற்றபோது மடிந்தது. நோய் என்பது இரு தரப்புக்கு இடையிலான போராட்டம் என்பது தெளிவாயிற்று.

மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 1888-இல் பாரிஸ் சென்ற மெச்னிகோவுக்கு லூயி பாஸ்டர் தம் ஆய்வுக்கழகத்தில் இடமளித்தார். 1890-இல் ஜெர்மனியில் பெரிங், கிட்டசாட்டோ இருவரும் இரத்த நீரில் நச்சுமுறிப் பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். நம்மைக் காப்பது அணுக்களா, இரத்த நீரா என்று இரு அணிகள் பல ஆண்டுகள் மோதின. இரத்த நீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின்மேல் ஒட்டி, விழுங்கணுக்களின் வேலையை எளிதாக்குகின்றன என்று பின்னர் தெரியவந்தது. இரண்டு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது. 1908-ஆம் ஆண்டு நோபெல் பரிசை மெச்னிகோவும், எதிரணியின் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்று நாம் அறிவது இன்னும் அதிகம். காயம்பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிவதால் வீக்கம். சில மணி நேரத்தில் ‘நியூட்ரோஃபில்’ அணுக்கள் விரைந்து வந்து கிருமிகளை விழுங்குகின்றன. சீழில் பெரும்பகுதி, போரில் மடிந்த அந்த அணுக்களே. பின்னால் வரும் ‘மேக்ரோஃபேஜ்’ அணுக்கள் எஞ்சிய கிருமிகளையும் இறந்த அணுக்களையும் அகற்றிக் காயம் ஆற வழிசெய்கின்றன. இந்தப் போர் ஓயாமல் நீண்டால் உடலுக்கே தீங்கு. சிலவகை மூட்டுவாதம் அப்படி வருவதே.

1916-இல் மெச்னிகோவ் பாரிஸில் காலமானார். அவரது அஸ்தி பாஸ்டர் ஆய்வுக்கழக நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. இருமுறை வாழ்வை வெறுத்த அவர்தான், உயிர் பிழைக்க உடல் நொடிதோறும் போராடுவதை நமக்குக் காட்டினார்.