வீழ்ச்சியிலும் உடன் நின்றவர்

வெற்றி பெற்றவனைப் போற்றுவது உலக இயல்பு. ஆனால் ஒரு வீரனின் தகுதியை அறிய வேண்டுமானால், அவனுடைய கழகம் தோற்றுக் கொண்டிருந்தபோது அவன் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். டிக்ஸி டீன் என்றதும் கால்பந்து அன்பர்களுக்கு 60 கோல் நினைவுக்கு வரும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை நம்மில் பலர் அறியோம்.

வில்லியம் ரால்ஃப் டீன் 1907 ஜனவரி 22ஆம் நாள், இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட் நகரில் பிறந்தார். தந்தையார் ரயில்வேத் தொழிலாளி. உள்ளூர்க் கழகமான டிரான்மியர் ரோவர்ஸில் ஆடி வந்த டீனை, 1925இல் லிவர்ப்பூல் நகரின் எவர்ட்டன் கழகம் 3,000 பவுன் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 18.

மறு ஆண்டு ஜூன் மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய மண்டை ஓடும் தாடையும் முறிந்தன. இனி இவர் ஆடுவது அரிது என்றே மருத்துவர்கள் அஞ்சினர். பந்தைத் தலையால் முட்டிக் கோல் போடுவதில் வல்லவருக்குத் தலையிலேயே அடி!

அந்நாளில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 22 கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றுக்கும் 42 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. ஆண்டு முடிவில் கடைசி இரு கழகங்களும் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்படும். 1926-27 பருவம் முழுவதும் எவர்ட்டன் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலேயே தடுமாறியது. அக்டோபரில் டீன் திரும்பி வந்தார். 27 லீக் ஆட்டங்களில் 21 கோல் அடித்தார். எவர்ட்டன் 34 புள்ளிகளுடன் 20ஆம் இடத்தில் நின்று தப்பிற்று.

தப்பிய கழகம் அடுத்த பருவத்திலேயே சாம்பியன் ஆயிற்று. 39 ஆட்டங்களில் டீன் அடித்தவை 60 கோல். கடைசி நாளில் ஆர்சனலுக்கு எதிராக மூன்று கோல் அடித்து அந்த எண்ணிக்கையை எட்டியபோது அவருக்கு வயது 21. அச்சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை.

ஆயினும் புகழ் புள்ளியாகிவிடுமா? 1929-30இல் காயங்கள் டீனை அடிக்கடி வெளியே உட்கார வைத்தன. ஆடிய 25 ஆட்டங்களில் 23 கோல் அடித்தும் பயனில்லை. எவர்ட்டன் 80 கோல் போட்டது. 92 கோல் வாங்கியது. 35 புள்ளிகளுடன் கடைசி இடம். லீக் தொடங்கிய 1888 முதல் மேல்நிலையிலேயே இருந்த கழகம் முதன்முறையாகக் கீழே இறங்கிற்று. ஒருவரின் திறமை மட்டும் பதினொருவர் ஆட்டத்தைத் தாங்கிவிடாது என்பதை அப்பருவம் காட்டியது.

நாடறிந்த வீரர் அவர். இங்கிலாந்து அணிக்காக ஆடியவர். இரண்டாம் டிவிஷனில் ஆடுவதை இழிவென்று கருதி விலகியிருக்கலாம். அவர் விலகவில்லை. 1930-31இல் அங்கே 39 கோல் அடித்தார். கழகம் முதலிடம் பெற்று மேலே ஏறியது. அடுத்த ஆண்டே, டீனின் 45 கோல்களுடன், முதல் டிவிஷன் பட்டத்தையும் வென்றது. 1933இல் எவர்ட்டன் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது, 9ஆம் எண் சட்டையணிந்த தலைவர் அவரே. வீழ்ச்சிக்கும் இவ்வெற்றிக்கும் இடையே மூன்றே ஆண்டுகள்.

1938இல் எவர்ட்டனை விட்டுச் செல்லும்போது அக்கழகத்துக்காக 399 லீக் ஆட்டங்களில் 349 கோல் அடித்திருந்தார். 1980 மார்ச் 1ஆம் நாள், எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானத்தில், லிவர்ப்பூலுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க வந்தவர் மாரடைப்பால் அங்கேயே காலமானார்.

நண்பர்களே, நம் விடுதி அணி தோற்ற மறுநாள் பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறோம்? 60 கோல் நம்மில் யாருக்கும் கைகூடாமல் போகலாம். தோற்ற மறுநாளும் களத்துக்கு வருவது எல்லோருக்கும் கைகூடும்.