தந்தியின் அலைகளைக் கணித்த இராமன்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவியோட, நடுவே தீவாக விளங்குவது திருவரங்கம். அத்தீவின் கிழக்கே உள்ள திருவானைக்காவில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சந்திரசேகர வேங்கட இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வயலின் வாசிப்பதில் ஈடுபாடு மிக்கவர். அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரிக்குச் செல்லவே, இராமன் குழந்தைப் பருவத்திலேயே திருச்சிராப்பள்ளியைப் பிரிய நேர்ந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்ற இராமன், அவ்வாண்டே நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அங்கு ஒருநாள் டிராம் வண்டியில் செல்கையில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணிற்பட்டது. அன்றுமுதல் காலையும் மாலையும் ஆராய்ச்சி, பகலில் அரசாங்கக் கணக்கு என்றாயிற்று. ஆசுதோஷ் டே என்னும் உதவியாளர் அவருக்கு உற்ற துணையாக இருந்தார்.

வயலின் தந்தியின்மேல் வில் செல்லும்போது நிகழ்வது யாது? வில்லின் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது. சிறிது தொலைவு சென்றதும் தந்தி வழுக்கிப் பின்வாங்குகிறது. உடனே மீண்டும் பற்றப்படுகிறது. ஒரு நொடியில் இது சில நூறு முறை நிகழும். அப்போது தந்தியில் கூரிய வளைவொன்று இரு கோடிகளுக்கும் இடையே ஓடித் திரும்புகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்னரே கண்டிருந்தார். வில் படும் இடம் மாறினால் அதிர்வு எவ்வாறு மாறும் என்பதே இராமனை ஆட்கொண்ட வினா.

அவர் தந்தியின் அசைவை எதிரெதிராக ஓடும் இரண்டு அலைகளாகப் பிரித்தார். கோடியை அடைந்த அலை தலைகீழாகத் திரும்பும். வில் பற்றியுள்ள வேளையில் அவ்விடத்துத் தந்தி வில்லின் வேகத்திலேயே செல்லும். இவ்விதிகளைக் கொண்டு, கணந்தோறும் அலைகள் எங்கு நிற்கும் எனத் தாளில் வரைந்து, தந்தியின் அசைவைப் படிப்படியாகக் கணித்தார். கணிப்பு மெய்தானா என்பதைத் தாள் சொல்லாதன்றோ? ஆகவே, அதிரும் தந்தியைப் படமெடுத்து ஒப்பிட்டு நோக்கினார். இவ்வாராய்ச்சி 1918-இல் நூலாக வெளிவந்தது.

அதற்கு முந்திய ஆண்டில் அவர் எடுத்த முடிவு எளிதன்று. உயர்ந்த ஊதியமும் உறுதியான எதிர்காலமும் உடைய அரசுப்பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பின்னர், வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் விரும்பியவாறு அமைத்து வயலினை இசைக்கும் பொறியொன்றையும் இயற்றினார். மிருதங்கத்தின் நடுவே பூசும் கருஞ்சாந்தே அதன் ஒலிக்கு இசையின்பம் தருகிறது என்று காட்டியவரும் அவரே. ஒளிபற்றிய கண்டுபிடிப்புக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தமையால், ஒலியில் அவர் உழைத்த உழைப்பைப் பலர் மறந்தனர்.

இராமன் 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். அதன்பின் மெக்கின்டயர், உட்ஹவுஸ் முதலிய அறிஞர்கள், வில்படும் தந்தியின் அலைகளைக் கணிப்பொறியில் நொடியின் சிறு கூறுகள்தோறும் பின்தொடர்ந்தனர். இராமன் எளிமை கருதி விட்டுவைத்த தந்தியின் விறைப்பு முதலியவற்றையும் அவர்கள் கணக்கிற் சேர்த்தனர். நிலத்தடியிலும் பாறைகள் ஒன்றையொன்று பற்றி நின்று, திடீரென வழுக்குவதால் நில நடுக்கம் உண்டாகிறது. அங்கிருந்து புறப்படும் அலைகளையும் இன்று கணிப்பொறிகள் அவ்வாறே கணந்தோறும் கணித்துச் செல்கின்றன.